செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 14 மாதம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதிதான். "தனியாளாக இருந்து எப்படித்தான் பார்த்துக்கொள்கிறாயோ" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். வேறு சிலருக்குச் சேரவேண்டிய பெயர் அது. நான் வாங்கி வைத்துக்கொண்டிருப்பது உறுத்துகிறது.

முதலில் வீட்டுக்கு வந்து பார்த்த சிஸ்டர். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். எப்படித் திருப்புவது என்று யாரும் காட்டவில்லை. நான் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் வலி, என் இடுப்பும் போயிற்று. நீங்கள்தான் ஒரு போர்வையை மடித்து அவர் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, முழங்காலை மடக்கிவிட்டு, போர்வையோடு சேர்த்து என் பக்கம் இழுக்கச் சொன்னீர்கள். அப்பா உருண்டு வந்துவிட்டார்! முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு, "ராத்திரியெல்லாம் அலாரம் வைக்கிறீங்களே, நீங்க எப்பம்மா தூங்குறீங்க?" என்றீர்கள். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பற்றித்தான் விசாரித்திருந்தார்கள்.

அடுத்து டாக்டர். கத்தி பட்ட விரல் மூன்று வாரமாகியும் ஆறவில்லை, சர்க்கரையோ என்று பயந்துகொண்டு வந்தேன். சர்க்கரை இல்லை. 1995இல் ஓஹியோவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னீர்கள். மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டரில் ஒரு சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்களாம். மற்ற பெண்களைவிட அவர்களுக்கு ஆறுவதற்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்ததாம். மாத்திரை எழுதுவீர்கள் என்று பார்த்தால், "வாரத்துல ரெண்டு ராத்திரி உங்களுக்குப் பதிலா யார் முழிச்சிருப்பாங்க? பேரைச் சொல்லுங்க" என்றீர்கள். என்னிடம் ஒரு பெயரும் இல்லை.

பிறகு எதிர்வீட்டு அக்கா. "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்று சொன்னவர்கள் நிறைய. நல்ல மனதோடுதான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கவே எனக்குத் தெம்பில்லை. நீங்கள் கேட்கவே இல்லை. "செவ்வாய்க்கிழமை நாலுலேர்ந்து ஆறு நான் இங்க இருப்பேன், நீ வெளிய போ" என்றீர்கள். முதல் வாரம் எங்கே போவதென்று தெரியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து தூங்கிவிட்டேன். எட்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் படிக்கட்டு விளக்கை யாரோ அணைத்திருந்தார்கள். யாரென்று கேட்கவேண்டியதில்லை.

கடைசியாகத் தம்பி. இதை எழுதாமல் விட்டால் மடல் பொய்யாகிவிடும். ஒரே இரவில் மூன்றாவது முறை விரிப்பு நனைந்தபோது அப்பாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உனக்குப் போன் செய்து அழுதேன். பணம் அனுப்புவதோடு உன் பங்கு முடிந்தது என்று நீ நினைப்பதாக எனக்குள் ஒரு கசப்பு இருந்தது, அதையும் கொட்டினேன். நீ எதிர்வார்த்தை பேசவில்லை. மறுநாள் மாலை பையோடு வந்து நின்றாய். அன்றிலிருந்து மாதக் கடைசி மூன்று நாள் உன்னுடையது. முதல் தடவை மணிக்கொரு முறை போன் செய்து "திருப்பினாயா, மருந்து கொடுத்தாயா" என்று உன்னைப் படுத்தினேன். நாலாவது போனை நீ எடுக்கவில்லை. அன்றைக்குக் கோபம்தான். இன்றைக்கு அதற்கும் சேர்த்து நன்றி.

இந்த மாதம் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்: அப்பாவைத் திருப்பும் போர்வை நைந்துவிட்டது, வேறொன்று அலமாரி இரண்டாம் தட்டில் இருக்கிறது. அலாரத்தை உன் போனில் வைத்துக்கொள். என்னுடையதை அணைத்துவிடுவேன்.

அன்புடன்,
அக்கா