மூன்று நாள் விடுப்பும் ஒரு வீட்டு வண்டியும்

ஆக்லாந்து, நியூசிலாந்து, 9 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முட்டிவலி தைலத்துக்கு அடங்கியதா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்கவில்லை, மீதியை அம்மா தனக்குப் பிடித்தபடி மாற்றிச் சொல்லிவிடுகிறாள். முப்பது வருஷம் லாரி இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதை இனிமேல் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். இதில் உங்களிடம் ஒரு யோசனையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே நான்கு பேர் படுத்துறங்கக்கூடிய வண்டியை வாடகைக்குத் தருகிறார்கள். கேம்பர்வேன் என்று பெயர். உள்ளேயே அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி, கட்டில் எல்லாம் உண்டு. ஏப்ரலில் அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு தெற்குத் தீவுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். "வீட்டை வைத்துக்கொண்டு லாரியில் படுப்பதற்கு எதற்குக் காசு" என்று அம்மா கேட்பாள். உங்கள் மாப்பிள்ளையும் முதலில் அதையேதான் கேட்டார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

விடுப்புக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு நான்கு வாரம் என்பது இந்த நாட்டுச் சட்டம், அதாவது இருபது வேலைநாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் அலுவலகத்தையே மூடிவிடுவார்கள், அதற்கு நம் கணக்கிலிருந்து ஆறு நாள் போய்விடும். ஆவணியில் தம்பி கல்யாணத்துக்குப் பதினொரு நாள் எழுதி வைத்தாயிற்று, அதில் கைவைக்க மாட்டேன். மிச்சம் மூன்று.

மூன்று நாளில் எங்கே போவது என்று விட்டுவிட்டிருப்பேன். காலண்டரைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. இந்த வருஷம் ஏப்ரல் 18 புனித வெள்ளி, 21 ஈஸ்டர் திங்கள், இரண்டும் விடுமுறை. அதே வாரம் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை, போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் தினம், அதுவும் விடுமுறை. நடுவிலுள்ள செவ்வாய், புதன், வியாழன் மட்டும் எடுத்தால் 18 முதல் 27 வரை முழுசாகப் பத்து நாள். பிள்ளைகளின் பள்ளியும் 28ஆம் தேதிதான் திறக்கிறது. பார்த்தவுடன் அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் அதே மூன்று நாளுக்கு இன்னும் நான்கு பேர் கேட்டார்களாம்.

பிறகுதான் தகராறு தொடங்கியது. மாப்பிள்ளை ஒரு தாளில் வழி போட்டுக்கொண்டு வந்தார். ஆக்லாந்திலிருந்து எங்கள் காரிலேயே வெலிங்டன், கப்பலில் காரை ஏற்றிக் கடலைத் தாண்டிப் பிக்டன், அங்கிருந்து கிறைஸ்ட்சர்ச், அங்கே வண்டியை எடுத்துக்கொண்டு மேற்குக் கரை, பனியாறுகள், மில்ஃபோர்டு சவுண்டு என்ற கடற்கழி, டனீடன், மறுபடி கிறைஸ்ட்சர்ச். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மலை ரோட்டுக்குக் கிலோமீட்டரை எண்ணாதே, மணியை எண்ணு" என்று கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு நீங்கள் சொன்னதை அவருக்குச் சொன்னேன். ஆக்லாந்திலிருந்து வெலிங்டனே 640 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் மூன்றரை மணி நேரம். பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் இன்னும் ஏறக்குறைய 340. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பத்தில் நான்கு நாள் பிள்ளைகள் பின்சீட்டில் அடித்துக்கொண்டிருப்பார்கள். விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கிவிடலாம்.

இதில் எனக்கு ஒரே ஒரு வருத்தம். வெலிங்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. ஒரு சாண் உயரம்கூட இருக்காது. முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறார்கள். 1830களில் கொலென்சோ என்ற மிஷனரி கண்டபோது, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது இங்கே எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. செழியனுக்கு அதைக் காட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்தத் தடவை இல்லை.

மில்ஃபோர்டையும் தாளிலிருந்து அடித்துவிட்டேன். மாப்பிள்ளை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தே அனாவ் என்ற ஊரிலிருந்து அதற்கு மட்டுமே 120 கிலோமீட்டர் மலைப்பாதை, போன வழியிலேயே திரும்ப வேண்டும். அதற்காகவே ஒரு விடுப்பு வைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது.

மிச்சம் வைத்திருப்பது இதுதான். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து முதல் நாள் 140 கிலோமீட்டரில் ஜெரால்டீனில் தங்கல். வழியில் ரகாயா ஆற்றுப் பாலம், ஒன்றே முக்கால் கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமான சாலைப் பாலம் என்கிறார்கள். கோதாவரிப் பாலத்தில் போய்வந்த உங்களுக்கு அதெல்லாம் ஒரு பாலமா! மறுநாள் டெகாபோ ஏரி, அங்கே இரண்டு இரவு. பனியாறு பாறையை உரலில் இட்டதுபோல் மாவாக அரைத்துத் தண்ணீரில் விடுவதால் ஏரி முழுக்கப் பால் கலந்த நீலம். அந்தப் பக்கத்து வானத்தில் விளக்கொளி ஏறக்கூடாது என்று பல வருஷமாகப் பாதுகாத்து வருகிறார்கள். நம் வீட்டு மொட்டைமாடியில் மின்வெட்டு ராத்திரிகளில் பார்த்த நட்சத்திரங்களைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்கட்டும். பிறகு அவோராக்கி மலையடிவாரம், 3724 மீட்டர், இந்த நாட்டின் உச்சி. டென்சிங்கோடு எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி பழகிய மலைகள் இவை. அங்கே இரண்டு இரவு, வானாகாவில் இரண்டு இரவு, கடைசியில் ஓமரு. அந்தி சாயும்போது சின்ன உருவப் பெங்குவின்கள் கடலிலிருந்து கரையேறும் என்பதால் யாழினி அந்த ஊரை மட்டும் எதற்கும் விட்டுத்தர மாட்டாள். அப்புறம் கிறைஸ்ட்சர்ச். எல்லாம் சேர்த்து 1100 கிலோமீட்டருக்குள். உங்களுக்கு அது ஒன்றரை நாள் ஓட்டம்!

வண்டி விஷயங்கள் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுவது. சாதாரண கார் லைசென்சே 6000 கிலோ வண்டிவரை செல்லும், ஹெவி லைசென்ஸ் வேண்டாம். நெடுஞ்சாலையில் வேகம் 100, ஆனால் 3500 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு 90தான். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஓரம் ஒதுங்கி வழிவிட வேண்டும், இல்லையென்றால் முறைத்துப் பார்ப்பார்கள், ஹாரன் மட்டும் அடிக்க மாட்டார்கள். ஆற்றுப் பாலங்கள் பல ஒரே ஒரு வண்டி போகிற அகலம். எந்தப் பக்கத்துக்கு முதல் உரிமை என்று அம்புக்குறி போட்டிருக்கும், நம் பக்கம் சிவப்பு அம்பு என்றால் நின்று வழிவிட வேண்டும். டீசல் பெட்ரோலைவிட மலிவு என்று சந்தோஷப்பட்டுவிடக்கூடாது. சாலை வரியை டீசலில் சேர்க்காமல், ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாக வாங்குகிறார்கள். வாடகை வண்டிக்காரர் அதைக் கடைசி நாளில் நம் தலையில் எழுதுவார். தொகையைப் பார்த்து மலைக்காமல் இருக்க இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

கண்ட இடத்தில் நிறுத்திப் படுத்துவிட முடியாது. லாரிக்காரர்கள் புளியமரத்தடியில் ஒதுங்குவது இங்கே அபராதத்தில் போய் முடியும். வண்டிக்குள்ளேயே பொருத்திய கழிவறை இருந்து, அதற்குப் பச்சைச் சான்று ஒட்டியிருந்தால்தான் சில பொது இடங்களில் இலவசமாகத் தங்கலாம். 2023இல் அப்படிச் சட்டம் போட்டார்கள். அந்தக் கழிவறை எப்படி என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். அடுப்பிலிருந்து இரண்டு எட்டில் இருக்கிறது. அடியில் சக்கரம் வைத்த பெட்டி, சூட்கேஸ் மாதிரி இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று வைத்திருக்கும் குழியில் கொட்டிக் கழுவ வேண்டும். மில்ஃபோர்டை விட்டுக்கொடுத்த கோபத்தில் இருந்தவரிடம் இந்த வேலையைத் தள்ள முடியாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பங்கு போட்டிருக்கிறோம்.

இன்னொரு சிக்கல், புனித வெள்ளியன்று இங்கே கடைகள் பெரும்பாலும் அடைப்பு. சட்டமே அப்படி. ஈஸ்டர் ஞாயிறும் அப்படித்தான், ஆன்சாக் தினத்தில் மதியம் ஒரு மணிவரை. நாங்கள் வண்டியை எடுப்பதே வெள்ளிக்கிழமை. அரிசி, பருப்பு, புளி, பொடிகள் எல்லாம் இங்கிருந்தே பெட்டியில் போகின்றன. துணி குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். ஆனால் அங்கே ஏப்ரல் என்பது நமக்கு ஐப்பசி கார்த்திகைபோல இல்லை, இலையுதிர்க் குளிர், மலையடியில் இரவில் உறைபனி விழும். மாலை ஆறுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நான்கு மணிக்குள் வண்டி நின்றுவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு நல்ல மழை. வண்டியின் அளவு ஏழு மீட்டர் நீளம், இரண்டே கால் மீட்டர் அகலம் என்றிருந்தார்கள். கூடத்தில் ஏழு மீட்டர் கிடையாது, எனவே காகித டேப்பை நடைவழிவரை ஒட்டிக் கோடு போட்டோம். இது அடுப்பு, இது மேசை, இது கழிவறை என்று செழியன் எழுதினான். ஒரு மணி நேரம் யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது என்று விளையாட்டு. பத்து நிமிஷத்தில் யாழினி அடுப்பின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை திரும்பினால் என் முழங்கை இடித்தது. ஒருவர் நடந்தால் மற்ற மூவரும் கட்டிலில் ஏற வேண்டியிருந்தது. நாற்பதாவது நிமிஷத்தில் செழியன், "தாத்தா லாரியில் இதைவிடச் சின்ன இடமா இருந்தது?" என்று கேட்டான்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் என்னை விஜயவாடாவரை கூட்டிக்கொண்டு போனீர்களே. சீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பலகை, அதில் நான். மத்தியானம் ரோட்டோரம் நிறுத்தி, லாரி நிழலில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைப்பீர்கள். காற்று மறைக்கத் தார்ப்பாயின் ஒரு முனையைக் கிளீனர் அண்ணன் பிடித்துக்கொண்டே நிற்பார். வெறும் சோறும் தக்காளி ரசமும்தான். அந்த ரசத்தை இதுவரை வேறெங்கும் சாப்பிட்டதில்லை. பள்ளி திறந்ததும் சிநேகிதிகளிடம் விஜயவாடாவுக்கு ரயிலில் போனோம் என்று பொய் சொன்னேன். இதை உங்களிடம் இத்தனை வருஷம் சொன்னதில்லை. இப்போது அதே மாதிரி வண்டியில் படுக்க ஒரு நாளைக்கு 260 டாலர் கட்டுகிறேன், அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிகிறேன்.

அந்தப் பயணத்தில் ஸ்டியரிங்கைத் தொட என்னை விடவேயில்லை நீங்கள். இந்த வண்டியின் காப்பீட்டில் இரண்டு ஓட்டுநர் பெயர் எழுதியிருக்கிறோம், ஒன்று என்னுடையது. ஜெரால்டீனிலிருந்து டெகாபோவரை நான்தான்.

இனி யோசனை கேட்பது. உங்கள் லாரியில் குழி மேட்டில் எதுவும் உருண்டதில்லை. எண்ணெய் பாட்டில் ஒரு தடவைகூடக் கவிழ்ந்ததாக நினைவில்லை. வெங்காயத்தை மேலே எதிலோ கட்டித் தொங்கவிட்டிருப்பீர்கள், அது வலையா, சாக்கா? பாட்டிலை எங்கே செருகுவீர்கள்? ரசத்துக்குத் தக்காளியை முதலில் வதக்கினீர்களா, அப்படியே கரைத்தீர்களா? அம்மாவைக் கேட்டால் அவள் செய்கிற முறையைச் சொல்லிவிடுவாள், எனக்கு லாரி ரசம்தான் வேண்டும். ஒரு இன்லண்ட் லெட்டர் அளவு எழுதினால் போதும், மார்ச் கடைசிக்குள் வந்து சேர்கிற மாதிரி போடுங்கள். பொடி, விதை, ஊறுகாய் எதையும் கூட வைத்து அனுப்பிவிடாதீர்கள், இந்த ஊர் சோதனைக்காரர்கள் பிரித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

செழியன் பக்கத்தில் நின்று, தாத்தா லாரியின் நம்பர் என்ன என்று கேட்கச் சொல்கிறான். டேப்புக் கோட்டின் முன்பக்கத்தில் எழுத வேண்டுமாம். கோட்டை இன்னும் அழிக்கவில்லை.

அன்பு மகள்,
கலைச்செல்வி