91 ஆக்டேன்: அமெரிக்கக் கணக்கு வேறு, நம் பெட்ரோல் பங்கின் கணக்கு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மஸ்டாங் போன்ற, அதிக சக்தி கொண்ட அமெரிக்க மசில் கார்களுக்கு வீட்டிலேயே சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) பொருத்துவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கார் என்றாலே விலையும் மைலேஜும் மட்டுமே பேசப்படும் சூழலில், இன்ஜினுக்குள் நடப்பதைத் தமிழில் விளக்க முன்வந்தமைக்கு நன்றி. ஆயினும் அதிலுள்ள ஒரு வரியை நம்பிச் செயல்படும் வாசகரின் இன்ஜின் உடையும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சூப்பர்சார்ஜர் பாகங்களின் தொகுப்பான கிட்டுடன் வரும் ட்யூனிங் (எரிபொருள் அளவு, பொறி நேரம் ஆகியவற்றின் அமைப்பு) 91 ஆக்டேன் பெட்ரோலுக்கானது என்றும், நம் நாட்டில் சாதாரண பெட்ரோலே 91 என்பதால் எரிபொருளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

இரண்டும் ஒரே 91 இல்லை. ஆக்டேன் என்பது, அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் பெட்ரோலின் திறனைக் காட்டும் எண். அதை அளக்க ரிசர்ச் முறை, மோட்டார் முறை என இரண்டு சோதனைகள் உள்ளன. ஒரே பெட்ரோலுக்கு ரிசர்ச் முறையில் எண் கூடுதலாகவும், மோட்டார் முறையில் குறைவாகவும் வரும். நம் பெட்ரோல் பங்குகளில் சொல்லப்படுவது ரிசர்ச் எண். அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பது இவ்விரண்டின் சராசரி. ஆகவே அமெரிக்காவின் 91 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96 ஆகும். ரிசர்ச் எண் 91 கொண்ட பெட்ரோலோ அமெரிக்கக் கணக்கில் 87-ஐ ஒட்டியே நிற்கும். அங்கே எழுதப்பட்ட ட்யூனிங்கை வைத்துக்கொண்டு இங்கே அந்த 91 பெட்ரோலை ஊற்றுபவர், கிட் தயாரித்தவர் கனவிலும் எண்ணாத எரிபொருளில் இன்ஜினை ஓட்டுகிறார்.

சூப்பர்சார்ஜர் இல்லாத காரில் இந்த வேறுபாட்டை இன்ஜின் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் வழியே சுழலும் சூப்பர்சார்ஜர், இன்ஜின் தானாக இழுக்கக்கூடிய அளவை விட அதிகமான காற்றை சிலிண்டருக்குள் அழுத்துகிறது. 2016-இல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங்கின் 5 லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜினில், சிலிண்டர் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்று காட்டும் அழுத்த விகிதம் ஏற்கெனவே 11-க்கு 1. அதன்மேல் அழுத்தப்பட்ட, சூடேறிய காற்றும் சேரும்போது, பிளக் பொறியில் பற்றிய தீ பரவி முடிப்பதற்குள்ளேயே எரியாமல் மிஞ்சிய காற்று-பெட்ரோல் கலவை தானாக வெடிக்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். எக்ஸாஸ்ட் இரைச்சலில் அந்த ஓசை ஓட்டுநர் காதுக்கு எட்டாமலே போகலாம். எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞர் இதே ஆக்டேன் குழப்பத்தில் சாதாரண பெட்ரோலில் சில வாரங்கள் ஓட்டினார். இன்ஜினைப் பிரித்தபோது இரண்டு பிஸ்டன்களில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட பகுதி பெயர்ந்து கிடந்தது. அந்தப் பிஸ்டன்களை நானே கையில் எடுத்துப் பார்த்தேன்.

விமானப் பிஸ்டன் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் தொழிற்கூடத்தில் பிட்டராக 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் தம்பி மகன் வாங்கிய பழைய மஸ்டாங்குக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சூப்பர்சார்ஜர் பொருத்தியிருக்கிறோம். எனவே வீட்டில் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலை என்று கட்டுரை சொல்கிறது. எங்களுக்கு நான்கு வார இறுதிகள் ஆயின. முதல் வார இறுதி முழுவதும் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. எட்டு சிலிண்டர்களும் காற்றை எவ்வளவு அழுத்திப் பிடிக்கின்றன என்று (கம்ப்ரஷன்) பார்த்தோம், எண்களை நோட்டில் குறித்தோம், பழைய பிளக்குகளின் நிறத்தைப் பார்த்தோம். ஏதேனும் ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் கிட்டைப் பெட்டியோடு மூடிவைத்துவிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்.

பொருத்தும் வேலையில் கட்டுரை தொடாத சிலவற்றைச் சொல்ல வேண்டும். எரிபொருள் குழாயைக் கழற்றும் முன் அதிலுள்ள அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் எடுத்துவிட வேண்டும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கியவுடன் எட்டுத் துவாரங்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றை உடனே மூட வேண்டும். தொழிற்கூடத்தில் பழகியபடி, அடைத்த துணிகளுக்கு எண் எழுதி, மூடியவை எட்டு, எடுத்தவை எட்டு என்று நோட்டில் கையெழுத்திட்ட பிறகே மேலே சென்றோம். தம்பி மகனுக்கு முதலில் இது மிகையாகப் பட்டது. மூன்றாம் நாள் ஒரு சிறு போல்ட் அவன் கையிலிருந்து நழுவி ஐந்தாம் எண் துணியின் மேல் விழுந்தது. அதன் பின் அவனே என்னிடம் கணக்குக் கேட்கத் தொடங்கினான். பிளக் இடைவெளியும் அப்படித்தான். தொழிற்சாலை வைத்த இடைவெளியை அப்படியே விட்டால், அடர்ந்த கலவையில் பொறி அணைந்துபோகும். முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்து, வெப்பத்தை விரைவாகக் கடத்தும், ஒரு படி 'குளிர்ந்த' வகைப் பிளக் போடுவதே வழக்கம்.

பெங்களூரு வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று உயரம். சூப்பர்சார்ஜரே, விமானம் மேலே ஏற ஏற மெலியும் காற்றை ஈடுகட்டுவதற்காகப் பெரிதும் வளர்க்கப்பட்ட கருவி. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டாக இருக்கும் காற்றழுத்தம் இங்கே ஏறத்தாழ 13.2 தான். சென்னையில் அதற்கு மேல் 8 பவுண்டு தரும், சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் அதே புல்லி இங்கே 7 பவுண்டையே தரும். எங்கள் காரை இங்குள்ள, இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ மேடையில் ஏற்றி ட்யூன் செய்தபோது எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பிறகு அதை டிரக்கில் ஏற்றி, ஓசூர், வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டு சென்றோம். அன்று நல்ல வெயில். இரண்டாவது சுற்றிலேயே, நாக்கிங்கைத் தவிர்க்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ பிளக் பொறியின் நேரத்தைத் திரும்பத் திரும்பப் பின்னுக்குத் தள்ளுவதை லேப்டாப் பதிவு காட்டியது. "பெரியப்பா, இன்னும் ஒரு சுற்று" என்று கேட்டவனை நான் விடவில்லை. காற்று அடர்ந்து, வெப்பமும் கூடிய இடத்துக்கு இறங்கும்போது பெங்களூரில் செய்த ட்யூனிங்கில் மிச்சம் வைத்திருந்த பாதுகாப்பு கரைந்துவிடுகிறது. வார இறுதிதோறும் ஊருக்குக் கீழிறங்கும் நம்மவர்கள் பலர் இருப்பதால் இதைச் சற்று விரித்து எழுதினேன்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் ட்யூனரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் தன்மை உடையதுதான்; இந்தக் கலவைக்கான தரத்தில் ரிசர்ச் எண் 95. ஆனால் பெட்ரோல் முழுதாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று தேவைப்பட, எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர்கள் கூடுதல் எரிபொருளைத் தர வேண்டும். சூப்பர்சார்ஜருடன் ஓடும் இன்ஜினுக்கு அந்தக் கூடுதல் கிடைக்காவிட்டால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறும்.

காரை ஏன் டிரக்கில் ஏற்றினோம் என்று வாசகர் கேட்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இழப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கும். கட்டுரை இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சோதனை முகமையின் ஒப்புதல் பெற்ற சிஎன்ஜி கிட்டைப் பொருத்திப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள நம் நாட்டில் வழி இருக்கிறது. சூப்பர்சார்ஜருக்கு அப்படியொரு வழி நடைமுறையில் இல்லை. புகைக் கட்டுப்பாட்டில் மிகக் கடுமையான கலிபோர்னியாவிலேயே, சோதனையில் தேறிய சூப்பர்சார்ஜர் கிட்டுகளுக்கு அரசின் காற்று வள வாரியம் ஓர் ஆணை எண் தருகிறது. அந்த எண் அச்சிட்ட வில்லை பானெட்டுக்குக் கீழே ஒட்டப்படுகிறது, புகைச் சோதனையின்போது அதைப் பார்க்கிறார்கள். வழியில்லாத இடத்தில் இளைஞர்கள் இரவில், ரகசியமாக, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பொருத்துகிறார்கள். மறைக்க வேண்டியிருப்பதால் டைனோவுக்கும் போவதில்லை, விவரம் தெரிந்தவரிடம் கேட்பதும் இல்லை. உடைந்த அந்த இரண்டு பிஸ்டன்களின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. மத்திய போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய கிட்டுகளுக்கும் ஒப்புதல் முறை ஒன்றை வகுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குக் காலம் பிடிக்கும். ஆக்டேன் பற்றிய அந்த வரிக்கான திருத்தத்தையாவது, கட்டுரை வந்த அதே பக்கத்தில், வரும் ஞாயிறே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இன்ஜின் பிட்டர்,
அல்சூர், பெங்களூரு.