சொன்னால் சரியல்ல

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ விட்டுப்போன டேப்லெட்டில் ‘ஏஸ் அட்டர்னி’ என்ற அந்தக் கோர்ட் விளையாட்டின் முதல் பாகத்தை முடித்துவிட்டேன், ஐந்து வழக்கும். இரண்டாம் பாகமும் முடிந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பேச்சுக்குப் பேச்சு ‘நாருஹோதோ’ என்பாயே, ஜப்பான் மூலத்தில் அந்த வக்கீலின் குடும்பப் பெயரே அதுதானாமே! ‘ஓகோ, அப்படியா’ என்று ஒருவனுக்குப் பெயர். ஆங்கிலத்தில் ஃபீனிக்ஸ் ரைட் ஆக்கிவிட்டார்கள். 2001இல் உங்கள் ஒசாகாவில் இருக்கும் காப்காம் வெளியிட்ட விளையாட்டு என்பதும் பிறகுதான் தெரிந்தது.

முதல் வழக்கிலேயே நான் விழுந்துவிட்டேன். கொலை நடந்தது மாலை நான்கு மணிக்கு மேல் என்கிறது பிரேதப் பரிசோதனை அறிக்கை. செய்தித்தாள் விற்க வந்த சாவிட், பிணத்தைப் பகல் ஒரு மணிக்குப் பார்த்ததாகச் சொல்கிறான். மணி எப்படித் தெரியும்? டிவியில் கேட்டானாம். அப்போது மின்வெட்டு. சரி, டிவி இல்லை, மேசைக் கடிகாரம் என்கிறான். அங்கே இருந்தது கடிகாரம் போலவே தெரியாத ஒரு சிலை. தலையைச் சாய்த்தால்தான் மணி சொல்லும். அதை எடுத்து அவளை ஓங்கி அடித்தவனுக்குத்தானே அதன் குரல் கேட்டிருக்கும்! ஆனால் நான்கு மணிக்கு அது ஏன் ஒன்று என்றது? செத்துப்போன பெண் முந்தின நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியிருந்தாள். ஒன்பது மணி நேர வித்தியாசம். இங்கே மாலை நான்கு என்றால் அங்கே நள்ளிரவு ஒன்று. கடிகாரத்தை அவள் திருப்பி வைக்கவே இல்லை.

இருபத்தொன்பது ஆண்டு சாட்சியம் தட்டச்சு செய்தவள் நான். ‘பார்த்தேன்’ என்றானா, ‘கேட்டேன்’ என்றானா என்பதில் ஒரு வழக்கே கவிழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கோர்ட்டில் சாட்சி இப்படி வேர்த்து உடைந்துபோய் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. குறுக்கு விசாரணையில் வக்கீல் எதைக் கேட்டாலும் நான் அடித்தது ஒரே வரிதான்: ‘நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.’ பக்கம் பக்கமாகச் சரியல்ல, சரியல்ல. அந்த வரி இந்த விளையாட்டில் இல்லாதது ஒரு குறைதான்.

இன்னொரு குறை, குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் தன் கட்சிக்காரர் செய்யவில்லை என்று காட்டினால் போதாது, யார் செய்தது என்றும் பிடித்துத் தர வேண்டும். நம் ஊரில் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. எரிச்சலாக இருந்தது. ஆனால் ஜப்பானில் கோர்ட்டுக்குப் போகும் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் தண்டனையில்தான் முடியும் என்பதை நினைத்தால், அந்த நாட்டுக்காரர் ஒருவர் இப்படி ஒரு கதை கட்டியது புரிகிறது. விளையாட்டில் எல்லாம் மூன்று நாளில் முடிந்துவிட வேண்டுமாம். வாய்தா என்ற சொல்லே தெரியாத கோர்ட்!

இரண்டாம் வழக்கில் ஃபீனிக்ஸுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அந்த மியாவைக் கொன்றிருக்க வேண்டாம். அவள் தங்கைக்கு மாயா என்று பெயர் வைத்திருப்பது நம் வீட்டுப் பிள்ளை போல இருந்தது. மூன்றாவது, சாமுராய் வேஷக்காரர் வழக்கு, இழுவை. ஐந்தாவதில் கைரேகைப் பொடியை ஊதி ஊதி எனக்கே தும்மல் வந்தது.

நான்காவதுதான் வழக்கு. கிளி சீட்டு எடுத்துப் பார்த்திருக்கிறேன், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லி இப்போதுதான் பார்க்கிறேன். அதனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தப்புக்கு ஒன்றாகக் குறையும் ஐந்து ஆச்சரியக்குறிகளையும் இழந்து இரண்டு தடவை தோற்றேன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது, இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் எட்ஜ்வொர்த். அப்பாவைச் சுட்டது தானோ என்று பதினைந்து ஆண்டு தூக்கத்தில் கதறிய பிள்ளை. உண்மையில் சுட்டவனோ தோளில் அதே பிள்ளை எறிந்த துப்பாக்கியிலிருந்து தவறி வெடித்த குண்டைச் சுமந்துகொண்டு, எதிரே அரசு வக்கீலாக நிற்கிறான். காலவரம்பு முடிய ஒரு நாள்கூட இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டு கதைக்காகக் கட்டியது அல்ல, ஜப்பானில் கொலைக்கு அன்று இருந்த வரம்பே அதுதான். 2005இல் இருபத்தைந்தாக்கி, 2010இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். நம் சட்டத்தில் கொலைக்கு எப்போதும் வரம்பு கிடையாது. அதனால் அந்தப் பதற்றம் எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டாம் பாகத்தின் கடைசி வழக்குதான் உசத்தி என்று நீ சொன்னாய். தன் கட்சிக்காரனே கொலை செய்யச் சொன்னவன் என்று தெரிந்தபின் வக்கீல் தவிப்பது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என் ஓட்டு முதல் பாகத்தின் நான்காவதற்கே. அதற்குக் காரணம், ஃபீனிக்ஸும் எட்ஜ்வொர்த்தும் சிறுவர்களாக இருந்தபோது நாலாம் வகுப்பில் நடக்கும் அந்தப் பஞ்சாயத்து. முப்பத்தெட்டு டாலர் சாப்பாட்டுப் பணம் காணாமல் போகிறது. சளி என்று விளையாட்டு வகுப்புக்குப் போகாத ஃபீனிக்ஸ்தான் எடுத்தான் என்று வகுப்பே முடிவு செய்கிறது, டீச்சர் உட்பட. பணத்தைப் பறிகொடுத்த எட்ஜ்வொர்த்தே எழுந்து ஆதாரம் எங்கே என்று கேட்கிறான். அடுத்து லாரி என்ற இன்னொரு பையனும் எழுந்து உரக்கப் பேசுகிறான். கடைசியில் பார்த்தால் எடுத்தவனே லாரி.

அதைப் படித்ததும் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டேன். நீ ஏழாம் வகுப்பு படித்தபோது கடுகு டப்பாவில் நான் வைத்த ஐம்பது ரூபாய் காணாமல் போனது நினைவிருக்கிறதா? காய்ச்சல் என்று வீட்டில் இருந்தவள் நீ ஒருத்திதான். நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாய். உன் அண்ணன்தான் உனக்காக அவ்வளவு சத்தம் போட்டான். எவ்வளவு பாசம் என்று அன்று பூரித்துப் போனேன். இப்போது அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

வெளியில் நடந்த சாதாரணத் திருட்டு என்றால் மூன்று ஆண்டில் காலவரம்பு முடிந்திருக்கும். வீட்டுக்குள் நடந்தது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 380ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் வரம்பே இல்லை. வழக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவனையும் போனில் சேர்த்துக்கொள். முதலில் உன்னை விசாரிக்கிறேன், அன்று கேட்டிருக்க வேண்டியதை. அவன் முறை வரும்போது ‘நான் எடுத்தேன் என்று சொன்னால் சரியல்ல’ என்றுதான் ஆரம்பிப்பான், பார்.

அன்புடன்,
அம்மா