மூன்று மாதம்

கோலாலம்பூர்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள செல்வி,

போன வாரம் போனில் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாய். "முடிஞ்சிருச்சு, போன மாசமே கோர்ட்டுல முடிஞ்சிருச்சு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நீ கேட்டது ஆய்வேட்டைப் பற்றி என்று எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆனது. அப்புறம் நீ "எந்தக் கோர்ட்டு?" என்றதும், மழை, சார்ஜ் இல்லை என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். மழையும் இல்லை, சார்ஜும் இருந்தது.

நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன். மூன்றாவதில் திட்டியிருக்கிறாய், திட்ட வேண்டியதுதான். பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவளுக்கு இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது. வாட்ஸ்அப்பில் இதை எழுத வரவில்லை. அதனால் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

சரவணனும் நானும் பிரிந்துவிட்டோம். வேறு பெண், குடி, அடி, அப்படியெல்லாம் எதுவும் இல்லை. உன் முதல் செய்தியில் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரே வீட்டில் இரண்டு பேர் பேச ஒன்றும் இல்லாமல் போய், அது இல்லாமல் போனதும் தெரியாமல் கொஞ்ச காலம் ஓடி, ஒரு நாள் அவர் காஜாங்கில் அவர் அக்கா வீட்டுக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. நானும் மகளும் இப்போது செந்தூலில் ஒரு வாடகை பிளாட்டில் இருக்கிறோம். ஒன்பதாவது மாடி. லிப்ட் வேலை செய்கிற நாட்களில் நல்ல வீடு.

இருவரும் சேர்ந்து மனு போட்டால் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்கெல்லாம் ஏறி இறங்க வேண்டியதில்லை என்று வக்கீல் சொன்னார். அப்படியே செய்தோம். கோர்ட்டு ஜாலான் டூத்தாவில். சாலைக்குப் பெயர் மாற்றி எவ்வளவோ நாளாகிவிட்டது, நாம் மாற்றினால்தானே! அதே சாலையில்தான் அர்கிப் நெகாராவும், அதாவது தேசிய ஆவணக் காப்பகமும். இத்தனை வருடம் பழைய கோப்புகளைப் பார்க்க அந்தப் பக்கம் போய்ப் போய், அன்றைக்கும் கால் தானாக அங்கே திரும்பப் பார்த்தது. பெயர் கூப்பிட்டார்கள், ஆமாம் என்றோம், வெளியே வந்தோம். கார் நிறுத்தியதற்குச் சரவணன்தான் காசு கட்டினார். சில்லறை என்னிடம் இல்லை.

சட்டப்படி பார்த்தால் நான் போனில் சொன்னதும் பொய்தான். இப்போது கிடைத்திருப்பது முதல் ஆணை. மூன்று மாதம் கழித்துத்தான் அது முழு ஆணையாகும்.

கோர்ட்டுக்குப் பதினோரு நாள் கழித்து வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அதிலும் தேர்ச்சி, ஆனால் சிறு திருத்தங்களுடன். அதற்கும் மூன்று மாதம். நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் மகள்தான் வட்டம் போட்டாள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எது எதற்கு என்று எனக்கே சில நேரம் குழம்புகிறது.

இனி ஆய்வுக்கு வருகிறேன். சயாம் ரயில் என்று நான் சொன்னபோது, "அதைப் பத்தித்தான் எல்லாரும் எழுதிட்டாங்களே" என்று நீதான் முதலில் சொன்னாய். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் கைதிகளையும் நம் தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோய்ப் போட்ட ரயில்பாதை. ரயில் போட்டவர்களைப் பற்றி எழுதினார்கள், சரி. 1942, 43இல் தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், காலரா, மூங்கில் கொட்டகை, அதெல்லாம் இருக்கிறது. காஞ்சனபுரிக்கு நாங்கள் போயிருந்தபோது போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிச் சீராக்கிய புல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயர் போட்ட கல் இல்லை. நான் எழுத நினைத்தது லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், மிச்சமிருந்தவர்களைப் பற்றி. ஆள் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது, யார் அரிசி கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, பால்மரத்தை, அதுதான் ரப்பர் மரத்தை, யார் பார்த்தார்கள், எப்போது அழுதார்கள்.

ஜப்பான்காரன் செய்தித்தாளிலேயே விளம்பரம் போட்டான். நாளுக்கு ஒரு டாலர், சாப்பாடு, தங்க இடம், மருந்து எல்லாம் இலவசம், அதிகம் போனால் மூன்று மாத வேலை. அந்த 'மூணு மாசம்' என் ஒலிப்பதிவுகளில் எல்லார் வாயிலும் வருகிறது. "மூணு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு." அப்போது ஆறு, எட்டு வயதில் இருந்த பிள்ளைகள், நாங்கள் பார்த்தபோது எண்பதைத் தாண்டிய பாட்டிகள். பலருக்கு அப்பாவின் முகம் நினைவில் இல்லை, இந்த வாக்கியம் மட்டும் இருந்தது.

2017, 18, 19, மூன்று வருடப் பள்ளி விடுமுறையெல்லாம் இதற்கே போனது. சுங்கை பட்டாணி, பாகாவ், கோலசிலாங்கூர், தெலுக் இந்தான். கார் ஓட்டியது சரவணன். ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். ஏர்கோன் பழுது பார்க்கிற கை, எந்தக் கருவியும் அவரிடம் சொன்னபடி கேட்கும்.

அவர் வீட்டை விட்டுப் போன பிறகு நான் எழுதியது நான்காம் இயல். எட்டு மாதம் ஒரு வரி ஓடவில்லை, அப்புறம் ஐந்து வாரத்தில் எழுதி முடித்தேன். எப்படி என்றால், முழுக்க அட்டவணை. எந்தத் தோட்டம், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எந்த ஆவணம் என்ன கணக்குச் சொல்கிறது. இந்த ரயிலில் எண்ணிக்கை ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதம், அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்குப் பள்ளிப் புத்தகம் திருத்தி முடித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு மணிவரை கட்டம் போட்டுக்கொண்டிருப்பேன். என் மேற்பார்வையாளர் கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆய்வுதான் உன்னைக் காப்பாற்றியது என்று பள்ளியில் ஒரு டீச்சர்கூடச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வீட்டில் பேச்சு நின்றதை நான் கவனிக்காமல் விட்டதற்கும் இந்த ஆய்வுதான் சாக்கு. "இந்த இயலை முடிச்சுட்டு வர்றேன்" என்று எத்தனை ராத்திரி சொல்லியிருப்பேன் தெரியுமா.

வைவாவில் வெளித்தேர்வாளர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். நான்காம் இயலைப் புரட்டிக்கொண்டே, "இதுல யாருமே பேசலையேம்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மற்ற இயல்களில் பாட்டிகள் பேசுகிறார்கள், இதில் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று. ஆவண அடிப்படையிலான இயல் என்று சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். திருத்தப் பட்டியலில் முதல் வரியே அதுதான்: நான்காம் இயலில் நேர்காணல்களைச் சேர்க்கவும்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்த ஒலிப்பதிவுகளை நான் கேட்க முடியாமல்தான் அட்டவணைக்குள் போனேன். ஒவ்வொரு பதிவும் சரவணன் குரலில் ஆரம்பிக்கும். தேதி சொல்வார், ஊர் சொல்வார், "சரி பாட்டி, பேசுங்க" என்பார்.

போன வாரம் வேறு வழியில்லாமல் கேட்டேன். மகள் டியூஷன் போயிருந்த நேரமாகப் பார்த்து, காதில் மாட்டிக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து. முதல் பதிவில் அழுதேன், அதை விடு. மூன்றாவது நான்காவது போகப் போக ஒன்று தெரிந்தது. நான் கேட்கிற கேள்விக்குப் பாட்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொல்கிறார்கள். "உங்கள் குடும்பத்தின் பொருளாதார நிலை எப்படி இருந்தது?" "கஷ்டம்தான்மா." முடிந்தது. அவர் நடுவில் புகுந்து "கெழங்கு தின்னு தின்னு சலிச்சுப் போயிருக்குமே பாட்டி, என்ன பண்ணுவீங்க?" என்றால் அரை மணி நேரம் ஓடுகிறது. மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காய வைத்தது, தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டுக் கஞ்சித் தண்ணீருக்கு நின்றது, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரக் காசு ஒரே நாளில் செல்லாமல் போனது, எல்லாம் அப்படி வந்ததுதான்.

தெலுக் இந்தான் பாட்டியை எடுத்துக்கொள். அப்பா 43இல் போனவர். போர் முடிந்து, அதே லயத்து ஆள் ஒருவர் திரும்பி வந்து, காலரா கொட்டகையில் உன் புருஷனைப் பார்த்தேன் என்றாராம். "செத்ததைக் கண்ணால பாத்தியா?" என்று பாட்டியின் அம்மா கேட்டாளாம். பார்க்கவில்லை என்றார். அவள் பொட்டை எடுக்கவில்லை, சாகும்வரை. நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தோட்டமே தடுமாறியதாம். "அம்மாவுக்குப் பிடிவாதமெல்லாம் இல்ல. யாரும் வந்து சரியாச் சொல்லலை, அவ்வளவுதான்" என்கிறார் பாட்டி. இந்தக் கதை எந்தக் கேள்விக்கு வந்தது என்று நினைக்கிறாய்? "அந்த வருஷம் தீபாவளிக்கு அம்மா என்ன சீலை கட்டுனாங்க?" சரவணன் கேட்டது. என் நான்காம் இயலில் இந்தக் குடும்பம் எப்படி இருந்தது தெரியுமா: தோட்டம் 7, சென்றவர் 1, திரும்பியவர் 0.

அந்த அம்மாவோடு என்னை ஒப்பிட்டுவிடாதே. என் அம்மா அதைத்தான் செய்கிறாள். அவளிடம் பாதிக் கதையைச் சொல்லித் தொலைத்தேன், இப்போது தினமும் "தாலியை என்ன பண்ணப் போற?" என்று கேட்கிறாள். தாலிக்கொடி இரண்டு தவணைப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு அடகுக் கடைக்குப் போய் வந்தது அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. இங்கே செத்தவர் யாரும் இல்லை, காணாமல் போனவரும் இல்லை. அவர் காஜாங்கில் இருக்கிறார், மாதம் தவறாமல் மகளுக்குப் பணம் போடுகிறார்.

என்னை உறுத்தியது வேறு. பின்னிணைப்பில் பேச்சு வடிவங்களை எழுதியபோது, இரண்டு பேர் கேட்ட கேள்விக்கும் முன்னால் 'ஆய்வாளர்' என்று போட்டிருந்தேன். ஆரம்பத்தில் சோம்பல், தட்டச்சு செய்ய எளிது. பிரிந்த பிறகு அதை மாற்றத் தோன்றவே இல்லை. நன்றியுரையில் இருந்த அவர் பெயரையும் போன வருடம் எடுத்துவிட்டேன். ஆவணக் காப்பகத்துக்கும், தோட்டத்துக் கோயில் தலைவருக்கும், உனக்கும்கூட நன்றி இருக்கிறது. தீபாவளிச் சீலையைக் கேட்டவருக்கு இல்லை. அவர் மேல் இருக்கிற வருத்தம் அப்படியேதான் இருக்கிறது செல்வி, ஒன்றும் குறையவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது இல்லையே. அடுத்தவன் கேள்வியை என் பெயரில் எழுதி முனைவர் பட்டம் வாங்குவது எப்படி?

அதனால் திருத்தத்தோடு திருத்தமாக இதையும் செய்கிறேன். பதினெட்டு நேர்காணலிலும் கேட்பவர் 1, கேட்பவர் 2 என்று பிரித்தாக வேண்டும். மூன்றாம் இயலில், ஆய்வுமுறை பகுதியில், இரண்டு பக்கம் கூடுதலாக எழுத வேண்டும். மேற்பார்வையாளர், "யாரும் கேக்கலையே, ஏன் வேலையை இழுத்துக்கிறீங்க?" என்றார். பிறகு அவரே, பெயர் போடுவதானால் சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள் என்றார்.

கோர்ட்டுக்குப் பிறகு நான் அவருக்கு அனுப்பிய முதல் செய்தி இதுதான். நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் "ஆய்வேட்டில் உங்கள் பெயரைப் போடலாமா? கையெழுத்து வேண்டும்" என்று அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "போடு. ஆனா ரெண்டு சுழி ன போட்டுறாதே."

உனக்கு நினைவிருக்குமே. உன் மாமா அச்சகத்தில் அடித்த எங்கள் கல்யாணப் பத்திரிகையில் 'சரவனன்' என்று வந்து, நீயும் நானும் 300 பத்திரிகையில் உட்கார்ந்து கறுப்பு மையால் ஒவ்வொரு சுழியாகச் சேர்த்தோமே. உன் மாமா கடைசிவரை காசைக் குறைக்கவில்லை.

சரி, என் கதை போதும். முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று நீ சொல்லவே இல்லை. தண்ணீர்மலைப் படியேறுகிறேன் என்று கிளம்பிவிடாதே, கீழே நின்று கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மகன் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்ததா? பத்திரிகை மட்டும் வேறு அச்சகத்தில் கொடு.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். பெர்ரி பிடித்துப் பினாங்குக்கு வந்துவிடுவேன், நீ முட்டியோடு காரை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு வராதே. மகளும் வருகிறாள். ஆய்வேட்டின் பக்க எண்கள் ஒரு மாதமாக என்னைப் பாடாய்ப் படுத்தியதை அவள் பத்து நிமிடத்தில் சரி செய்தாள், அதற்குக் கூலியாக லெபோ சூலியாவில் நாசி கண்டார் வேண்டுமாம். பதினெட்டில் ஏழு பதிவுகள் இன்னும் பாக்கி. கருவியையும் கொண்டு வருகிறேன். சுங்கை பட்டாணி பாட்டி பேச்சில் ஒரு சொல் பிடிபடவே இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எதையோ அடிப்பதைச் சொல்கிறார். உன் அம்மா அந்தப் பக்கத்துத் தோட்டம்தானே, அவரைக் கேட்க வைக்கலாம்.

உன்,
வாசு