இடித்துவிட்டால் மட்டும் வேலை நகராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புறநகர்களில் மூடிக் கிடக்கும் மால்களைப் பற்றி எழுதுகிறவர்கள், பழியை இணைய வணிகத்தின் மேல் போட்டு முடித்துவிடுகிறார்கள். மால் மூடியதற்கு அது ஒரு காரணம். மூடிய பிறகும் இடம் வருடக்கணக்கில் பொட்டலாகக் கிடப்பதற்குக் காரணம் வேறு. இல்லினாய் மாநிலம் ஹார்வியில் டிக்ஸி ஸ்கொயர் மால் மூடப்பட்டது 1978இல். இடித்து முடித்தது 2012இல். 1978இல் இணைய வணிகம் ஏது?

முதல் முடிச்சு பத்திரத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டடம்தான். ஆனால் முனைகளில் நிற்கும் பெரிய அங்காடிகள் பலவற்றுக்கு, அவை நிற்கும் நிலமும் முன்னாலுள்ள கார் நிறுத்துமிடமும் சொந்தம். நடுவிலுள்ள கடைவரிசை மட்டுமே மால் உரிமையாளருடையது. இவர்களுக்குள் பரஸ்பர உரிமை ஒப்பந்தம் ஒன்று இருக்கும். எங்கே கட்டக் கூடாது, எவ்வளவு உயரம் போகலாம், ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை கார் இடம் (பெரும்பாலும் 4 அல்லது 5), குடியிருப்பு வரலாமா என்பதெல்லாம் அதில் அடங்கும். ஓர் அங்காடி கையெழுத்துப் போட மறுத்தால், நகராட்சி அனுமதி கையில் இருந்தும் பயனில்லை. கடை பூட்டிக் கிடந்தாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த உரிமை போகாது. அதைக் காசாக்கக் காத்திருப்பவர்களும் உண்டு.

அடுத்தது மண். பழைய மால்களில் டிரை கிளீனிங் கடை இருந்திருக்கும், கார் பழுதுபார்க்கும் கூடம் இருந்திருக்கும். துணி வெளுக்கப் பயன்படும் பெர்க்ளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது. கான்கிரீட் தளத்தின் விரிசல் வழியாகவும் கழிவுக் குழாய் இணைப்பு வழியாகவும் கசிந்து நிலத்தடி நீர்வரை இறங்கும். பிறகு ஆவியாக மேலெழுந்து புதுக் கட்டடத்துக்குள்ளேயே வரும். துணி வெளுக்கும் இயந்திரம் நின்ற இடத்தில் தளத்தைத் துளைத்து அடியிலுள்ள ஆவியைச் சோதிப்பது பெரிய செலவல்ல. அடித்தளம் தோண்டிய பிறகு கண்டுபிடித்தால்தான் செலவு. கலிபோர்னியா மாநிலம் குப்பர்டினோவில் வால்கோ மால் இருந்த இடத்தில் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. வழக்கும் மண் மாசு ஆய்வும் சேர்ந்து ஆண்டுகளை விழுங்கின.

ஒரே ஓர் அங்காடி திறந்திருக்கும்போது மற்றதை இடிப்பது தனித் தலைவலி. பொதுச் சுவர் உட்சுவராகக் கட்டப்பட்டது, மழை தாங்காது. புது வெளிச்சுவர், தனி மின் இணைப்பு, தண்ணீர், தீத்தெளிப்பான் குழாய் எல்லாம் முதலில் முடிய வேண்டும். இதற்குப் பணம் ஒதுக்காத திட்டங்கள் பாதி இடிந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன.

கொலராடோ மாநிலம் லேக்வுட்டில் வில்லா இத்தாலியா மால் 2001இல் மூடியது. 2004இலேயே அதே இடத்தில் கடைகளும் வீடுகளும் கலந்த பெல்மார் என்ற புதிய பகுதி திறக்கத் தொடங்கியது. நகர நிர்வாகமே இறங்கி உரிமைச் சிக்கல்களைத் தீர்ப்பதில் பங்கெடுத்தது. வெறும் அனுமதிக் கடிதத்தோடு ஒதுங்கியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

இனி பழைய மால் இடத்தில் வரப்போகும் திட்டம் பற்றி வண்ண வரைபடத்தோடு செய்தி வெளியிடும்போது, தங்கள் நிருபர்கள் கட்டுநரிடம் மூன்றைக் கேட்கட்டும்: எல்லா அங்காடிகளும் தங்கள் ஒப்பந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டாயிற்றா, மண் ஆய்வறிக்கை யாரிடம் இருக்கிறது, இடிப்புக்கும் துப்புரவுக்குமான தொகை வங்கிப் பிணையாக வைக்கப்பட்டிருக்கிறதா. மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வரைபடத்தை உள்பக்கத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
நகரமைப்புத் துறை வாசகர்