சின்னக் கண்ணாடி என்றால் சின்னச் செலவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த யோசனைகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன, ஆனால் ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சாவி உள்ளே மாட்டிக்கொண்டு கார் பூட்டிக்கொண்டால், வேறு வழியே இல்லாதபோது பின்பக்கம் இருக்கும் சின்னக் கண்ணாடியை உடையுங்கள், அதுதான் செலவு குறைவு என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். கார் கண்ணாடி மாற்றுவதையே பிழைப்பாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தப்பு. பல கார்களில் நிலைமை நேர் எதிர். உடைந்த கார் வரும்போதெல்லாம் "நல்லவேளை, சின்னதைத்தானே உடைத்திருக்கிறான்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும், கணக்கைச் சொன்னதும் முகம் மாறிவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டிருந்தால், இல்லை வயதானவர் யாராவது மயங்கிக் கிடந்தால், விலையெல்லாம் யோசிக்காதீர்கள், எந்தக் கண்ணாடி அவர்களுக்குத் தூரமாக இருக்கிறதோ அதை உடையுங்கள். நான் சொல்ல வருவது ஆபத்து எதுவும் இல்லாமல், வெறும் அவசரத்தில், "சின்னதுதானே" என்று கல்லை எடுப்பவர்களுக்கு. மாற்றுச் சாவி வீட்டில் இருக்கும், பூட்டுத் திறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அரை நாள் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, ஏன் சின்னதுக்கு அவ்வளவு செலவு? கதவில் ஏறி இறங்கும் கண்ணாடி ரப்பர் பள்ளத்துக்குள் நின்று, அடியில் ஓரிரண்டு போல்ட்டில் பிடித்திருக்கும். கதவின் உள் அட்டையைக் கழற்றினால் கை எட்டிவிடும். அந்தக் கண்ணாடிக்குத் தேவையும் அதிகம் என்பதால் கடைகளில் தயாராக வைத்திருப்பார்கள். பின் கதவுக்கு அப்புறம் பாடியிலேயே பதிந்திருக்கும் குவார்ட்டர் கிளாஸ் அப்படி இல்லை. இப்போது வரும் கார்களில் அது பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பையே தொழிற்சாலையில் கண்ணாடியோடு சேர்த்து வார்த்துவிடுகிறார்கள், அந்த விளிம்பு தனியாகக் கிடைக்காது, கண்ணாடியும் விளிம்பும் ஒரே சாமானாகத்தான் வாங்க வேண்டும். யாரும் அடிக்கடி கேட்காத சாமான் என்பதால் சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். மேலே கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான், என்ன, இங்கே சுண்டைக்காயும் கால் பணத்துக்குக் கிடைப்பதில்லை.

"ஒரு பெரிய கண்ணாடியை வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டுவிடக் கூடாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது. கார் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன்டு வகை. முதலில் வடிவத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, அதன்பின் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்ந்த காற்றை அடித்து ஆறவைக்கிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும், உள்பகுதி அப்புறம் ஆறிச் சுருங்கப் பார்க்கும், அதனால் மேலே அழுத்தமும் உள்ளே இழுவிசையும் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதுதான் அதன் பலம். ஓர் இடத்தில் ஆழமாகக் கீறினாலும் அந்தச் சமநிலை போய், மொத்தக் கண்ணாடியும் பொலபொலவென்று சின்னத் துண்டுகளாகக் கொட்டிவிடும். வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. முன்பக்கக் கண்ணாடி வேறு வகை, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, அது விரிசல் விட்டாலும் இடத்திலேயே நிற்கும்.

உடைந்த பிறகு செய்ய வேண்டியதில் பலரும் கோட்டை விடுவது துண்டுகளை அள்ளுவதில்தான். திருட்டு என்றால் எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்து, புகார் கொடுத்துவிடுங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டியிருக்கும். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு வேக்கூம் கிளீனர். துணியால் சீட்டைத் துடைக்காதீர்கள், பொடிப்பொடியாக இருப்பவை துணி நெசவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். டஃபன்டு கண்ணாடி கையைக் கிழிக்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கத்திபோல நீளமாக உடையாது என்பதுதான் உண்மை, அந்தக் கட்டிகளின் முனையில் விரலை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு விஷயம், பின் சீட் பெல்ட் சுருளும் பெட்டி பல கார்களில் இந்தக் கண்ணாடிக்கு நேர் கீழே, உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும். துண்டுகள் நேராக அங்கேதான் விழும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து இரண்டு பக்கமும் பாருங்கள், நாடாவில் இழை அறுந்திருக்கிறதா, சுருளும்போது எங்கேயாவது நெருநெருவென்று பிடிக்கிறதா என்று. அட்டையைக் கழற்றி அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் புதுக் கண்ணாடியை மட்டும் ஒட்டிக் கொடுத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. திருப்பத்துக்குத் திருப்பம் கலகலவென்று சத்தம் வரும்போதுதான் அது தெரியும்.

கண்ணாடி வரும்வரை மூடிவைக்கத் தடிமனான, தெளிவான பாலித்தீன் தாள் போதும். பெயின்ட் மேல் பேக்கிங் டேப்பை நேரடியாக ஒட்டிவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், உரிக்கும்போது பசை அங்கேயே தங்கிவிடும், ஏற்கெனவே டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்த இடமாக இருந்தால் பெயின்ட்டே கூட வந்துவிடலாம். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பை முதலில் ஒட்டி அதன்மேல் மற்றது. வேகமாகப் போனால் தாள் படபடவென்று அடித்துக் கிழியும், மெதுவாகப் போங்கள். அந்தத் தாளையே மாதக்கணக்கில் வைத்து ஓட்டுபவர்களும் உண்டு, மழைநீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி நாற்றம் எடுத்த பிறகுதான் வருவார்கள். அக்ரிலிக் தகடு வெட்டிப் பொருத்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீறல் விழுந்து மங்கிவிடும், உடைந்தால் எப்படி உடையும் என்பதற்கும் யாரும் பொறுப்பு இல்லை.

கண்ணாடி வாங்கும்போது மாடல் பெயரும் வருடமும் சொன்னால் போதாது, 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸிஸ் நம்பரைக் கொடுங்கள். ஒரே பெயரில் டிக்கி உள்ளதும் இல்லாததும் வரும், இரண்டுக்கும் இந்தக் கண்ணாடி வேறு. இடது வலது வேறு. இடது என்றால் காருக்குள் முன்னோக்கி உட்கார்ந்தால் வரும் இடது, வெளியே நின்று எதிரே பார்த்துச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. சிலவற்றில் ஆன்டெனா கம்பி கண்ணாடிக்குள்ளேயே ஓடும், சிலவற்றில் கருநிறம் கொஞ்சம் அதிகம். மூலையில் இருக்கும் முத்திரையையும் படியுங்கள், தயாரித்தவர் குறி, வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் எண்ணும் போன்ற அங்கீகாரக் குறி ஏதாவது இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத மொட்டைக் கண்ணாடி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடைப்பதையும் நான் குறை சொல்ல மாட்டேன். விளிம்பில் சின்னச் சில்லு கூடப் போகாமல் இருந்தால் தாராளமாக வாங்கலாம், விரலால் இல்லாமல் டார்ச் அடித்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்.

இப்போது எனக்கு ரத்தம் கொதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சிலிக்கான். குளியலறைக்கும் மீன்தொட்டிக்கும் வாங்கும் அந்தக் குழாயைக் கொண்டுவந்து பாடியில் பிதுக்கிக் கண்ணாடியை ஒட்டிவிடுகிறார்கள். பார்க்கக் கறுப்பாக, பளபளவென்று, ஒன்றும் வித்தியாசம் தெரியாது. இறுகும்போது புளித்த காடி வாசனை அடிக்கும் வகை என்றால் அதிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம், கீறல் விழுந்த தகரத்தில் பட்டால் துரு நிச்சயம். அதைவிடப் பெரிய தொல்லை பிறகு வரும். கார் கண்ணாடிக்கு என்று இருக்கும் யூரித்தேன் பசை சிலிக்கான் பட்ட இடத்தில் பிடிக்கவே பிடிக்காது, ஆகவே அடுத்தவன் அதைச் சரிசெய்ய வந்தால் மூலைமுடுக்கெல்லாம் சுரண்டி, கடைசிப் படலம் வரைக்கும் எடுத்தாக வேண்டும். அந்தக் கூலியையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், சிலிக்கான் போட்டவர் இல்லை.

முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நல்ல ஃபிட்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள் அட்டையைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியைத் துண்டிக்கிறாரா பாருங்கள், கூரை ஓரத்தில் ஏர்பேக் உள்ள கார்களில் அது பின் தூண் வரைக்கும் வந்திருக்கும், துண்டித்துச் சில நிமிடம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய பசையை உலோகம் தெரியும்வரை வழித்தெடுக்கக் கூடாது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு சமமாகச் சீவி விட்டுவைக்க வேண்டும், புதுப் பசைக்கு அதைவிட நல்ல பிடிமானம் கிடையாது. கத்தி பட்டு எங்கேயாவது பெயின்ட் போயிருந்தால் அங்கே ப்ரைமர் என்கிற அடிப்பூச்சைத் தடவி அது காயும்வரை பொறுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரம் காட்டுவார்கள், சில வருடம் கழித்து கண்ணாடி ஓரத்தில் பெயின்ட் உப்பி எழும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பசைக் குழாயின் மூக்கை வெறுமனே குறுக்காக வெட்டாமல் 'வி' வடிவத்தில் கீறியிருந்தால் ஆள் தொழில் தெரிந்தவர் என்று அர்த்தம். அப்படி வெட்டினால் பசை முக்கோணக் கரையாக உயர்ந்து நிற்கும், கண்ணாடியை அழுத்தும்போது எல்லாப் பக்கமும் இடைவெளி இல்லாமல் பரவும். கரையை நடுவில் நிறுத்தாமல் ஒரே சுற்றாக இழுத்து, ஆரம்பித்த இடத்திலேயே சேர்க்க வேண்டும். யூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும், குளிரிலும் வறண்ட காற்றிலும் தாமதமாகும். எவ்வளவு நேரம் என்று குழாயிலேயே அச்சடித்திருக்கும், அவரிடம் கேட்டு அதன்படி நடங்கள். முதல் நாள் வேறொரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், எல்லாம் மூடியிருக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும்.

பின் கதவிலேயே இருக்கும் குட்டிக் கண்ணாடி என்றால் இவ்வளவு பாடு இல்லை. பெரிய கண்ணாடியை இறக்கி, நடுவில் நிற்கும் பட்டையைத் திருகு கழற்றிச் சாய்த்தால், குட்டியை ரப்பரோடு முன்பக்கமாக உருவிவிடலாம். அந்த ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய கார்களில் முன் கதவில் திருப்பித் திறக்கிற முக்கோணக் கண்ணாடி இருந்தது, ஏசி வந்து அதை ஒழித்துவிட்டது, எனக்கு இன்னும் அதன்மேல் ஒரு பிரியம் உண்டு, அது வேறு விஷயம்.

காப்பீட்டில் கோருவதற்கு முன் ஒரு கூட்டல் கழித்தல் போட்டுப் பாருங்கள். நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையும், கோராமல் இருந்தால் கிடைக்கும் போனஸ் போவதும் சேர்ந்தால் சில நேரம் சொந்தக் காசில் மாற்றுவதே மேல். கண்ணாடிக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் கதை வேறு, பாலிசியைப் படியுங்கள்.

காரை எடுக்கும்போது வெளியே பளபளப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். பசை இறுகியதும் ஒருவர் டார்ச்சோடு பின் சீட்டில் உட்கார, இன்னொருவர் வெளியிலிருந்து சாதாரண ஹோஸில் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் விட வேண்டும், கீழ் விளிம்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. மேலிருந்து ஊற்றினால் எங்கே கசிகிறது என்றே பிடிபடாது. உள் அட்டையை மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள், மாட்டிய பிறகு செய்தால் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
கார் கண்ணாடி வேலை செய்யும் உங்கள் வாசகன்