அந்தக் கணக்கில் காண்ட்ராக்ட் தொழிலாளியையும் சேருங்கள்

மதிப்பிற்குரிய மத்திய கம்பெனி விவகார அமைச்சக அதிகாரிகளுக்கும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கம்பெனியின் 40 பங்குகள் இன்னும் என் பெயரில் இருப்பதால் ஆண்டறிக்கை வரும். எம்.டி.யின் (நிர்வாக இயக்குநரின்) சம்பளம், ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று போட்டிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த வருஷம் அந்த மடங்கு குறைந்திருக்கிறது. எம்.டி. சம்பளம் குறையவில்லை, ஏறித்தான் இருக்கிறது. தொழிலாளிகளுக்கு அதைவிடக் கூடுதலாக ஏறிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஊதிய ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது, புது ஒப்பந்தம் இன்னும் பேச்சுவார்த்தையிலேயே நிற்கிறது.

நடந்தது இதுதான். பேக்கிங்கையும் ஸ்டோர்ஸையும் காண்ட்ராக்டுக்கு விட்டுவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிகளில் குறைந்த சம்பளம் வாங்கியவர்கள் அந்த இரண்டு இடத்திலும்தான் அதிகம். அவர்களுக்கு வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுத்து அனுப்பினார்கள். எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருடைய சம்பளம்தானே இடைநிலைச் சம்பளம்? வரிசையின் அடியிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டால், ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூட்டித் தராமலேயே நடு மேலே போய்விடும். மடங்கும் குறைந்துவிடும். ஏழைத் தொழிலாளியை வெளியே அனுப்ப அனுப்பக் கம்பெனி நியாயமானதாகத் தெரிகிறது.

அப்படிப் போனவர்களில் ஒருவர் என்னோடு 11 வருஷம் வேலை பார்த்த தம்பி. வி.ஆர்.எஸ். பணம் அவர் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கே சரியாகப் போனது. மூன்று மாதம் கழித்து அதே கேட் வழியாக, காண்ட்ராக்டர் கொடுத்த நீலச் சட்டையில் உள்ளே வந்தார். அதே மேஜை, அதே அட்டைப்பெட்டி, அதே டேப். சம்பளம் பாதிக்கும் கீழே. எதிர்ப்பக்கம் நின்று பெட்டியைச் சரிபார்க்கிற நிரந்தரத் தொழிலாளிக்குத் தீபாவளி போனஸ் 20 சதவீதம், இவருக்கு 8.33. மகனின் பாலிடெக்னிக் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனி பேர் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். போன மாதம் ஆண்டறிக்கையில் இருந்த அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணே, இந்தக் கணக்குல நான் எங்க வர்றேன்?" என்றார். எங்கேயும் வரவில்லை.

பங்குதாரர் கூட்டம் ஆன்லைனில் நடந்தபோது இதைக் கேட்டேன். விதிப்படிதான் வெளியிட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது உண்மைதான். கம்பெனியின் சொந்த ஊழியர்களைத்தான் உங்கள் விதி எண்ணச் சொல்கிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். அந்த வரிசையில் காண்ட்ராக்ட் தொழிலாளியையும் நிறுத்துங்கள்.

பெரிய சம்பளங்கள் எப்படி முடிவாகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி இயக்குநர்களின் ஊதியக் குழு கூடும், அதே தொழிலில் மற்ற எம்.டி.க்கள் வாங்குவதை எடுத்துப் பார்க்கும். எங்கள் ஆள் சராசரிக்குக் கீழே என்று சொல்லிக்கொள்ள எந்தக் கம்பெனிக்கும் மனசு வராது. எல்லோரும் சராசரிக்கு மேலே போகப் பார்த்தால் சராசரி வருஷா வருஷம் ஏறாமல் என்ன செய்யும்? தொழிலாளியின் சம்பளத்தை முடிவு செய்யும்போது மட்டும் பக்கத்துக் கம்பெனியில் யார் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இது என்ன நியாயம் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயக்குநர்களின் மொத்தச் சம்பளம் நிகர லாபத்தில் 11 சதவீதத்தைத் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று இருந்தது. 2018 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டீர்கள், இப்போது பங்குதாரர்களின் ஒப்புதல் போதும். அப்படியென்றால் பங்குதாரர் கையில் இருக்கும் எண் ஒழுங்கான எண்ணாக இருக்க வேண்டாமா? பங்குதாரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை. 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் எம்.டி.யின் மறுநியமன, சம்பளத் தீர்மானத்துக்குத் தேவையான 75 சதவீத ஓட்டு கிடைக்கவில்லை. சம்பளத்துக்கு லாபத்தில் 1.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்து மறுபடி கேட்ட பிறகுதான் நிறைவேறியது. மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து செபியே கட்டாயமாக்கியிருக்கிறது. அவர்களும் இந்த அரைகுறை எண்ணைப் பார்த்துத்தானே ஓட்டுப் போடுகிறார்கள்?

காண்ட்ராக்ட் ஆட்களின் கணக்கு கம்பெனியிடம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 கம்பெனிகள், சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரங்களைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையில், நிரந்தரமல்லாத தொழிலாளிகள் எத்தனை பேர் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுக்கிறார்கள். காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால் கம்பெனிதான் தரவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. பொறுப்பில் இருக்கிற தொழிலாளி கணக்கில் மட்டும் ஏன் இல்லை?

கோபத்தில் வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 2014-ஆம் வருஷத்து நிர்வாகிகள் நியமன, ஊதிய விதிகளில் 5-ஆம் விதியைத் திருத்தி, கம்பெனி வளாகத்துக்குள் வேலை செய்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் சம்பளத்தையும் சேர்த்து இடைநிலையைக் கணக்கிடச் சொல்லுங்கள். பழைய முறையில் வரும் எண்ணையும் பக்கத்திலேயே போடட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடுத்த நிதியாண்டின் அறிக்கைகளுக்கு முன்பாக இதைச் செய்து தரும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளி, சிறு பங்குதாரர்
ஓசூர்